வினா வகையும் விடை வகையும்: மோர்மன் சமயம் குறித்த வழக்கமான கேள்விகள் பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

வினா-விடை வடிவம் சமய இலக்கியத்திற்குப் புதியதன்று. மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்றாகிய உண்மை விளக்கம் மாணாக்கர் வினவ ஆசிரியர் விடையிறுக்கும் முறையில் அமைந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர், கிறித்தவப் பள்ளிச் சூழலை உள்ளிருந்தே கண்டவராதலின், அங்குப் பயன்பட்ட வடிவத்தையே சைவத்திற்குக் கருவியாக்கிச் சைவ வினாவிடை இயற்றினார். இத்தகைய நூல்களில் வினவுபவரும் விடையிறுப்பவரும் ஒருவரே. விடை முன்னரே ஆயத்தமாக உள்ளது. அதற்கேற்ற அச்சில் வினா வார்க்கப்படுகிறது.

நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளும் வினாக்கள் வேறு வகையின. மோர்மன் சமயத்தார் என்று உலகம் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை நோக்கிப் பிறர் எழுப்பி வருபவை அவை. நீங்கள் கிறித்தவர்தாமா? உங்களுக்குப் பல மனைவியர் உண்டா? தேநீர் ஏன் அருந்துவதில்லை? ஆலயத்தினுள் என்ன நடக்கிறது? கறுப்பின மக்களை நீங்கள் ஏன் ஒதுக்கினீர்கள்? ஒப்பீட்டுச் சமயம் பயிலும் மாணவர் இச்சபை குறித்து எழுதும் கட்டுரைகளில் இவ்வினாக்களே தலைப்புகளாகின்றன. விடைகளோ இரண்டே இடங்களிலிருந்து வருகின்றன: ஒன்று, சபை தானே வெளியிட்ட விளக்கவுரைகள்; மற்றொன்று, சபைக்கு மாறானவர் தொகுத்த குற்றப்பட்டியல். இரண்டையும் பக்கத்திற்கு ஒன்றாக நிறுத்திவிட்டு 'இருதரப்பும் ஆராயப்பட்டன' என்று மாணவர் முடித்துவிடுகின்றனர். இதனை ஆய்வு என ஏற்பதில் நமக்கு ஒருப்பாடு இல்லை. வினாவை யார், எந்த நிலையில் நின்று எழுப்பினார், விடை அவ்வினாவைத்தான் தொட்டதா, வேறொன்றைத் தொட்டுவிட்டு நகர்ந்ததா என்பன ஆராயப்படாதவரை இருதரப்பும் பனுவல்களாகவே நமக்குக் கிட்டுவதில்லை.

இதற்குரிய கருவி நம் இலக்கணத்திலேயே உள்ளது. பவணந்தியார் நன்னூலில் வினாவை அறுவகையாகவும் விடையை எண்வகையாகவும் பகுத்தார். அறிந்துகொண்டே பிறரைச் சோதிக்க வினவுவது அறிவினா. அறியாது அறிதற்பொருட்டு வினவுவது அறியா வினா. இரண்டனுள் எது எனத் தெளியாது வினவுவது ஐய வினா. கொளல், கொடை, ஏவல் என்னும் ஏனைய மூன்றும் ஈண்டு வேண்டா. விடையில் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வெளிப்படையானவை. ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் குறிப்பால் பொருள் தருவன. பள்ளியில் மனப்பாடமாகி அங்கேயே நின்றுவிடும் இப்பகுப்பு, சமய விவாதங்களைப் படிக்க எத்துணை கூரிய கருவி என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் ஒரு நோக்கமாகும்.

1838ஆம் ஆண்டின் இருபது வினாக்கள்

இச்சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் 1805இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தவர். மார்மன் புத்தகம் 1830 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் பால்மைரா ஊரில் 5,000 படிகளாக அச்சேறியது. சபை அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் நாள் தோன்றியது. அடுத்த எட்டாண்டுகளில் சபையார் ஒகையோ மாநிலத்தின் கர்ட்லாந்துக்கும், மிசௌரி மாநிலத்தின் ஃபார் வெஸ்டுக்கும் இடம் பெயர்ந்தனர். எல்டர்ஸ் ஜர்னல் என்னும் சிற்றிதழ் நான்கே இதழ்களோடு நின்றுபோன ஒன்று; முதலிரண்டு கர்ட்லாந்திலிருந்தும் பின்னிரண்டு ஃபார் வெஸ்டிலிருந்தும் வந்தன. அதன் 1838 ஜூலை இதழில், வழிப்பயணத்தில் மக்கள் தம்மிடம் ஓயாது கேட்டவை என்று இருபது வினாக்களுக்கு ஜோசப் ஸ்மித் விடை எழுதினார். மோர்மன் சமயம் குறித்த வழக்கமான கேள்விகள் என்னும் வகைமைக்குத் தொடக்கநிலைச் சான்றாக இதனைக் கொள்ளலாம்.

இவ்விடைகளைப் படிப்பவர் முதலில் வியப்பது அவற்றின் எள்ளல். தீர்க்கதரிசி ஒருவரிடம் நாம் எதிர்பார்க்கும் கனத்த நடை அங்கில்லை; சந்தையில் நின்று வாய்ப்போர் புரிபவரின் சுறுசுறுப்பு உள்ளது. விவிலியத்தை நம்புகிறீர்களா என்ற வினாவிற்கு, நம்புகிறோமென்றால் வானத்தின் கீழ் அதனை நம்புவோர் நாங்கள் மட்டுமே என்னும் பொருள்பட விடை வருகிறது. மோர்மன்களைத் தவிர எல்லாரும் தண்டனைக்கு ஆளாவார்களா என்றதற்கு, ஆம், மனந்திரும்பாவிடில் மோர்மன்களிலும் பெரும்பகுதியினர் ஆளாவர் என்கிறார். இது நேர் விடையே; எனினும் வினவியவரின் காலடியிலிருந்து தரையை உருவிவிடும் நேர் விடை. வினாக்கள் பலவற்றில் அவர் பெயர் 'ஜோ ஸ்மித்' என்றே வருகிறது. அக்காலத்தில் எதிரிகள் இகழ்ச்சியாக வழங்கிய பெயர் அது. அதனை அவர் திருத்தவில்லை. வினா அறிவினா என்பதை வாசகர் காணட்டும் என்றே அவ்வாறு விட்டார் என நாம் கருதுகிறோம்.

மூன்று விடைகளைச் சற்று நின்று நோக்குவோம்.

அவர் தம் மனைவியைத் திருடிக்கொண்டு வந்தாரா என்பது ஒரு வினா. எம்மா ஹேல் தந்தையின் விருப்பிற்கு மாறாக 1827 சனவரியில் அவரை மணந்தவர். அப்போது வயது 22. அவளையே கேளுங்கள், அவள் உரிய வயதினள், தனக்காகத் தானே பேசுவாள் என்பது விடையின் கருத்து. இது நன்னூலார் கூறும் ஏவல் விடை. வினா பெண்ணைத் திருட்டுப் பொருளாக்குகிறது. விடை அவளைச் சான்று கூறும் ஆளாக்குகிறது. ஒரு வரியில் இதைச் செய்திருப்பது எளிய செயலன்று.

இரண்டாவது, அவர் புதையல் தோண்டுபவராக இருந்தவரல்லரா என்பது. ஆம், ஆனால் அதில் பெரிய வருவாய் இல்லை, மாதம் 14 டாலர்தான் கிடைத்தது என்று விடை சொல்லுகிறார். நகைக்காமல் இருக்க முடியவில்லை. ஆயினும் நகைத்து முடித்தபின் மீண்டும் படிக்க வேண்டிய விடை இது. ஊரார் கேட்டது கூலி வேலையைப் பற்றியன்று. நிலத்துள் மறைந்திருப்பதைக் காட்டும் கல் ஒன்று அவரிடம் இருந்ததாகக் கூறப்பட்டதைப் பற்றி. அதே வகைக் கல்லைக் கொண்டே மார்மன் புத்தகம் மொழிபெயர்க்கப்பட்டதென்று உடனிருந்தோர் பின்னாளில் சான்று கூறினர். கல்லைப் பற்றிய வினாவிற்குக் கூலியைப் பற்றிய விடை கிடைக்கிறது. தோற்றத்தில் நேர் விடை. உள்ளே இனமொழி விடை. ஆடத் தெரியுமா என்றதற்குப் பாடத் தெரியும் என்பது போன்றது. இளமையில் அவர் காணாமற்போன பொருள்களையும் புதையலையும் தேட அத்தகைய கல்லைப் பயன்படுத்தியதைச் சபையின் அதிகாரப்பூர்வக் கட்டுரை 2013இல் தெளிவாகக் கூறியது; 2015இல் அக்கல்லின் ஒளிப்படமும் வெளியாயிற்று. 1838இன் வினாவிற்குரிய விடை வந்துசேர 175 ஆண்டுகள் ஆயின.

மூன்றாவது, பல மனைவியர் கொள்வதை நம்புகிறீர்களா என்பது. இல்லை, ஒரே காலத்தில் அன்று என்பதே விடையின் சாரம். ஒருத்தி இறந்தால் மறுமணம் உண்டு என்பது அதன் விளக்கம். இது தூய மறை விடை. சபையின் கோட்பாடும் உடன்படிக்கைகளும் என்னும் நூலின் 1835ஆம் ஆண்டுப் பதிப்பும் ஒருவனுக்கு ஒருத்தி என்னும் திருமண விதியையே அச்சிட்டிருந்தது. ஆனால் கர்ட்லாந்தில் 1830களின் நடுப்பகுதியிலேயே ஃபேனி ஆல்ஜர் என்னும் பெண்ணை ஜோசப் ஸ்மித் மணந்திருக்கலாம் எனத் துண்டு துணுக்கான சான்றுகள் காட்டுவதாகச் சபையே 2014இல் எழுதியது. அவர் மணந்த பெண்களின் எண்ணிக்கையைக் கவனமான கணிப்புகள் 30க்கும் 40க்கும் இடையில் வைப்பதையும் அதே கட்டுரை குறிப்பிட்டது. அவர்களுள் ஒருத்திக்குப் பதினைந்து வயதும் நிரம்பவில்லை என்பதையும் மறைக்கவில்லை. பொதுமக்கள்முன் வெளியான மறுப்புகள் சொல் தேர்ந்து எழுதப்பட்டவை என்பதும் அக்கட்டுரையின் ஒப்புதலே.

அஞ்சி எழுதிய விடைகள்

மேற்கண்டவற்றைக் கொண்டு 1838இன் விடைகளை ஏமாற்று என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எதிரிகளின் வழக்கம். அவ்வாறு முடிப்போர் வேறிரு வினாக்களைப் படிக்காமல் தாண்டிவிடுகின்றனர். மோர்மன்கள் அடிமை ஒழிப்பு இயக்கத்தாரா என்பது ஒன்று. செவ்விந்தியரைப் போருக்குத் தூண்டுகிறார்களா என்பது மற்றொன்று. இன்று இவ்வினாக்களை எவரும் கேட்பதில்லை. 1838இல் மிசௌரியில் இவையே உயிர் குடிக்கும் வினாக்கள்.

மிசௌரி அடிமை முறை நிலவிய மாநிலம். 1833இல் சபையின் செய்தித்தாள் ஒன்று விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அம்மாநிலத்திற்குள் வருவது குறித்த சட்டங்களை விளக்கி எழுதிய கட்டுரை, அழைப்பாகப் பொருள் கொள்ளப்பட்டது. அச்சகம் தகர்க்கப்பட்டது, சபையார் ஜாக்சன் மாவட்டத்திலிருந்து துரத்தப்பட்டனர். ஐந்தாண்டு கழித்து அதே மாநிலத்தில் அமர்ந்து, நாங்கள் அடிமை ஒழிப்பாளர் அல்லர் என்று ஜோசப் ஸ்மித் எழுதும்போது அவர் எவரை நோக்கி எழுதினார் என்பது விளங்கும். அவ்விடையில் எள்ளலின் கீழ் அச்சம் கேட்கிறது. இதழ் வெளிவந்து மூன்று மாதம் கடந்தபின், அக்டோபர் 27ஆம் நாள், மோர்மன்கள் பகைவராகக் கருதப்பட்டு அழிக்கப்படவோ மாநிலத்தை விட்டு விரட்டப்படவோ வேண்டும் என்று ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ் ஆணையிட்டார். மூன்றாம் நாள் ஹான்ஸ் மில் என்னும் சிற்றூரில் 17 பேர் கொல்லப்பட்டனர். அந்த ஆணை 1976இல்தான் முறைப்படி நீக்கப்பட்டது.

எனவே இவ்வினா வரிசை தேநீர்க்கடைப் பேச்சாக எழுந்ததன்று. வதந்திகளின் பட்டியல் அது. ஒவ்வொரு வதந்திக்கும் பின்னால் துப்பாக்கி ஏந்திய கூட்டம் இருந்தது. அந்நிலையில் எழுதப்பட்ட விடையில் முழு உண்மையை எதிர்பார்ப்பது எவ்வளவு நியாயம் என்பது ஓர் அறவினா. நம் விடை இதுதான்: அடிமை முறை பற்றிய விடைக்கு அச்சம் விளக்கமாகிறது, திருமணம் பற்றிய விடைக்கு ஆவதில்லை. முன்னதில் அவர் காத்தது தம் மக்களை. அவ்விடை நிலையானதுமன்று, 1844இல் அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது, அடிமைகளை அரசு விலைகொடுத்து 1850க்குள் விடுவிக்க வேண்டும் என்று அவரே முன்மொழிந்தார். பின்னதில் காக்கப்பட்டது யார் என்பதற்கு, சபைக்குள்ளேயே உண்மை அறியாது வாழ்ந்த பெண்களின் பக்கம் நின்று பார்க்கும்போது, ஆறுதலான விடை கிட்டுவதில்லை.

கிறித்தவர்தாமா?

வழக்கமான வினாக்களுள் இது தலையாயது. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2012இல் வெளியிட்ட கணிப்பில் மோர்மன்களுள் 100க்கு 97 பேர் தம் சமயம் கிறித்தவமே என்றனர். 2001இல் உரோமைக் கத்தோலிக்கத் திருச்சபை, மோர்மன் திருமுழுக்கு செல்லாது என்று தீர்ப்பளித்தது. இரண்டையும் முரண் எனக் காட்டுவது பலர் வழக்கம். நமக்கு அது முரணாகத் தோன்றவில்லை. 'கிறித்தவர்' என்னும் சொல் இரண்டிடத்தும் ஒரு பொருளில் வழங்கவில்லை. இயேசுவை மீட்பராக வழிபடுபவர் என்பது முன்னவரின் பொருள். கி.பி. 325இல் நைசியாவில் கூடிய சங்கத்தின் வழிவந்த திரித்துவக் கொள்கையை ஏற்பவர் என்பது பின்னவரின் பொருள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் நோக்கத்தில் ஒன்றுபட்ட தனித்தனி ஆள்கள் என்றும், பிதாவுக்கு மாமிசமும் எலும்புமுள்ள உடல் உண்டென்றும் மோர்மன் சபை கற்பிக்கிறது. இது நைசியாவின் கடவுளன்று. அதனை மோர்மன்கள் மறைப்பதுமில்லை. அச்சங்கத்திற்கு முன்பே உண்மைத் திருச்சபை உலகை விட்டு நீங்கிவிட்டது என்பதே அவர்கள் அடிப்படை.

சபைக்கு மாறானவர் சொல்லாது விடும் மறுபக்கமும் உண்டு. கத்தோலிக்கராயினும் மெதடிஸ்ட் ஆயினும் தம்மிடம் வருவோருக்கு மோர்மன் சபை மீண்டும் திருமுழுக்கு அளித்தே சேர்த்துக்கொள்கிறது. பிறருடைய திருமுழுக்கு அவர்களுக்கும் செல்லாததே. 1838இன் விடை ஒன்றும் இதனைத் தயங்காது கூறியது: ஜோ ஸ்மித்தின் பெயரால் திருமுழுக்கு அளிப்பதில்லை, அளித்தாலும் பிற சபைக் குருமார் அளிப்பதற்கு அது குறைந்ததாகாது என்று. ஒருவரை ஒருவர் ஏற்காத இரு தரப்பாருள் ஒருவரை மட்டும் ஏற்பு மறுத்தவராகக் காட்டுவது வரலாறாகாது.

தமிழில் இக்குழப்பம் வேறொரு வழியாலும் பெருகுகிறது. மோர்மன் சபையின் மாநாட்டு உரைகளும் மறைநூல்களும் தமிழில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் கலைச்சொற்கள் தமிழ்க் கிறித்தவ மரபில் வேறு பொருளில் வேரூன்றியவை. 'ஆயர்' என்றால் நாம் ஒரு மறைமாவட்டத்தின் தலைவரை, செங்கோல் ஏந்திய முழுநேரக் குருவை நினைக்கிறோம். மோர்மன் சபையிலோ அப்பொறுப்பில் இருப்பவர் சில நூறு பேர் கொண்ட ஊர்ச்சபை ஒன்றைச் சில ஆண்டுகள் ஊதியமின்றி நடத்தும் இல்லறத்தார். அவர் பல் மருத்துவராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருக்கலாம். 'ஆலயம்' என்னும் சொல் இதனினும் இடர் தருவது. ஞாயிறு வழிபாடு நடக்கும் கூடம் எவர்க்கும் திறந்தது. ஆலயம் வேறு, தகுதிச் சான்று பெற்ற உறுப்பினர் மட்டுமே அதனுள் செல்வர், ஞாயிற்றுக்கிழமை அது மூடியிருக்கும். தமிழ்க் கிறித்தவர் இரண்டையும் ஆலயம் என்றோ கோயில் என்றோ வழங்குவதால், 'மோர்மன் கோயிலுக்குள் பிறர் செல்லக் கூடாதாம்' என்னும் செய்தி பாதி உண்மையாகப் பரவுகிறது. சிங்கப்பூரில் ஆலயம் கட்டப்படும் என்று 2021இல் அறிவிப்பு வந்த நிலையில் நம் மாணவர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று.

'மோர்மன்' என்னும் பெயரும் இத்தகைய சிக்கலுடையதே. 2010களின் தொடக்கத்தில் தாம் மோர்மன் என்று உறுப்பினர் பெருமையுடன் கூறும் விளம்பரங்களைச் சபையே நடத்தியது. 2018இல் தலைவர் ரசல் நெல்சன் அப்பெயரை விடுத்து முழுப்பெயரையே வழங்கப் பணித்தார். புகழ்பெற்ற பாடகர் குழுவின் பெயரிலிருந்தும் அச்சொல் நீங்கியது. சுருக்கம் கருதியே நாம் இக்கட்டுரையில் அதனை வைத்துக்கொண்டோம். கிறித்தவர்தாமா என்னும் வினாவிற்குப் பெயரிலேயே விடை வைக்கும் முயற்சியாக அப்பணிப்பைக் காண்கிறோம்.

தேநீரும் பனுவலும்

வகுப்பறையில் இச்சமயம் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் எழுவது இவ்வினாவே. தே தாரிக் இன்றிப் பொழுது விடியாத நாட்டில் அது இயல்புதான். அற்பமானதாகத் தோன்றும் இவ்வினா பனுவலாய்வு நோக்கில் மிகச் செறிவானது என்பது நம் கருத்து.

1833இல் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட ஞான வார்த்தை என்னும் வெளிப்பாட்டில் தேநீரும் இல்லை, காப்பியும் இல்லை. மதுவும் புகையிலையும் விலக்கப்படுகின்றன. மூன்றாவதாகச் 'சூடான பானங்கள்' உடலுக்கோ வயிற்றுக்கோ உரியன அல்ல என்று பொதுவாகவே கூறப்படுகிறது. 1842இல் அவர் தமையன் ஹைரம் ஸ்மித் அவை தேநீரும் காப்பியுமே என்று உரை கண்டார். அவ்வுரை நிலைத்தது. 2019இல் சபையின் விளக்கம், பச்சைத் தேயிலையும் குளிரூட்டிய தேநீரும் விலக்கத்தக்கனவே என்றது. மூலத்தில் 'சூடு' இருந்தது, தேயிலை இல்லை. இன்றைய விதியில் தேயிலை இருக்கிறது, சூடு இல்லை. உரை மூலத்தை இடம் பெயர்த்த நிகழ்வுகளை நாம் உரையாசிரியர் வரலாற்றில் பலவாகக் கண்டவர்கள், இதுவும் அவ்வகையே.

அதே பனுவலில் இறைச்சியைக் குறைவாகவே உண்ண வேண்டும், குளிர்காலத்திலும் பஞ்சத்திலும் மட்டும் உண்பது நன்று என்ற கருத்தும் உள்ளது. தொடக்கத்தில் இவையனைத்தும் கட்டளையாக அன்றி அறிவுரையாகவே தரப்பட்டன. பின்னர் ஒரு பகுதி கட்டளையாகி, ஆலய நுழைவுக்குரிய நேர்காணலிலும் இடம்பெற்றது. இறைச்சி பற்றிய பகுதி அறிவுரையாகவே தங்கிவிட்டது. தேநீர் அருந்தியவர் ஆலயத்துள் செல்ல இயலாது. நாள்தோறும் மாட்டிறைச்சி உண்பவர் செல்லலாம். ஏன் தேநீர் அருந்துவதில்லை என்று ஆயிரம் பேர் கேட்கின்றனர். ஏன் இறைச்சி உண்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்போர் தம் பழக்கத்திலிருந்து வேறுபடுவதை மட்டுமே வினாவாக்குகின்றனர். புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த மொழியின் மாணவராவது இவ்விரண்டாம் வினாவைக் கேட்டிருக்கலாம்.

இறந்தோருக்காக அளிக்கும் திருமுழுக்கு குறித்தும் நம் மாணவர் வியப்புக் காட்டுவதுண்டு. 1838இன் வரிசையில் இதன் விதையைக் காண்கிறோம். இக்கோட்பாடு உண்மையாயின் திருத்தூதர் காலத்திற்குப் பின் இறந்தோர் கதி யாது என்ற வினாவிற்கு, கேட்க வாய்ப்புப் பெறாதோர் தீர்ப்பிற்கு முன் மறுமையில் அவ்வாய்ப்பைப் பெறுவர் என்ற விடை தரப்பட்டது. 1840இல் அது சடங்காயிற்று. இருபது வினாக்களுள் உண்மையான அறியா வினா என நாம் மதிப்பது இதுவே. ஜோசப் ஸ்மித்தின் மூத்த சகோதரர் ஆல்வின் 1823இல் திருமுழுக்குப் பெறாது இறந்தவர் என்பதை நினைத்தால், வினவியவர்க்கு மட்டுமன்றி விடையிறுத்தவர்க்கும் அது சொந்தத் துயரமாயிருந்தது புலனாகும். தென்புலத்தாரை ஓம்பும் கடனை அறிந்த நமக்கு உணர்வு விளங்குகிறது. எனினும் யூதப் பேரழிவில் மாண்டோரின் பெயர்களுக்கும் இச்சடங்கு செய்யப்பட்டது யூதரைப் புண்படுத்தியது. 1995இல் அதனை நிறுத்த உடன்பாடு காணப்பட்டது. இறந்தவரின் ஆவி ஏற்கவோ மறுக்கவோ உரிமையுடையது என்னும் சபையின் விடை கோட்பாட்டளவில் பொருந்துவதே. ஆனால் வினா ஆவியைப் பற்றியதன்று, பெயரைப் பற்றியது.

விடையில் விடுபட்டவை

2013 முதல் 2015 வரை சபை வெளியிட்ட விளக்கக் கட்டுரைகளில் ஆசிரியர் பெயர் இல்லை. அடிக்குறிப்புகள் நிறைய உண்டு. 1838இன் எள்ளல் முற்றும் மறைந்து வரலாற்றாசிரியரின் நிதானம் வந்துவிட்டது. முதல் தரிசனத்திற்கு 1832, 1835, 1838, 1842 ஆகிய ஆண்டுகளில் எழுதப்பட்ட வேறுபட்ட வடிவங்கள் இருப்பதை அவை ஒளிக்கவில்லை. செவ்விந்தியரின் மரபணுவிற்கும் மார்மன் புத்தகக் கதைக்கும் உள்ள இடைவெளியையும் பேசின. 1981இல் சேர்க்கப்பட்ட நூல் முன்னுரை, புத்தகத்து மக்களைச் செவ்விந்தியரின் 'முதன்மை முன்னோர்' என்றது. அது பின்னர் 'முன்னோருள் சிலர்' என்னும் பொருள்படத் திருத்தப்பட்டிருந்தது. தன் வரலாற்றைத் தானே இவ்வளவு வெளிப்படையாக எழுதிக்கொண்ட சமய நிறுவனங்கள் மிகப் பலவல்ல. அதற்குரிய மதிப்பை நாம் குறைக்க விரும்பவில்லை.

ஆயினும் இவ்விடைகளும் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன. கறுப்பின ஆடவருக்குக் குருத்துவம் மறுக்கப்பட்டது குறித்த கட்டுரையை எடுத்துக்கொள்வோம். 1836இல் எலைஜா ஏபல் என்னும் கறுப்பினத்தவர் குருத்துவம் பெற்றார். 1852இல் பிரிகம் யங் தடையை அறிவித்தார். 1978 ஜூனில், ஸ்பென்சர் கிம்பல் தலைவராயிருந்தபோது, தடை நீங்கியது. கலப்பினத்தார் மிகுந்த பிரேசிலில் ஆலயம் எழுந்துகொண்டிருந்த காலம் அது. கறுப்பு நிறம் சாபத்தின் அடையாளம் என்பன போன்ற பழைய விளக்கங்களை இன்றைய சபை மறுக்கிறது என்று 2013இன் கட்டுரை ஐயமின்றி உரைத்தது. தடைக்குக் கூறிய காரணங்கள் தவறு என்றாயிற்று. தடை? அது இறைவன் ஆணையா, மனிதர் பிழையா? கட்டுரை இதனைக் கூறவில்லை. காரணத்தைப் பற்றிய தெளிவான மறை விடை, தடையைப் பற்றிய வினாவின்மேல் திரையாக விழுகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் குருத்துவமும் ஆலயச் சடங்குகளும் மறுக்கப்பட்ட குடும்பங்களுக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டாவது விடையே.

பலதார மணத்திலும் இதே நிலைதான். 1852இல் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டு, 1879இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாலும் 1880களின் சட்டங்களாலும் நெருக்கப்பட்டு, 1890இல் வில்ஃபர்ட் உட்ரஃப் அறிக்கையால் கைவிடப்பட்டு, 1904இல் மீண்டும் உறுதியாகத் தடைசெய்யப்பட்டது அவ்வழக்கம். இன்று ஒருவர் பலதார மணம் புரிந்தால் சபையிலிருந்து நீக்கப்படுவார். உங்களுக்குப் பல மனைவியர் உண்டா என்ற பிறருடைய வினாவிற்கு இவ்வரலாறு முழு விடை. ஆனால் சபைப் பெண்கள் கேட்கும் வினா வேறு. மனைவியை இழந்தவர் இரண்டாம் மனைவியோடும் ஆலயத்தில் நித்தியத்திற்கும் பிணைக்கப்படலாம். வாழும் பெண் ஒருவர் இரு கணவரோடு அவ்வாறு பிணைக்கப்பட இயலாது. அங்ஙனமாயின் மறுமையில் யாம் எத்தனை பேர் என்று அப்பெண்கள் கேட்கின்றனர். இவ்வினாவிற்குச் சொல்லப்படுவது, இறைவனை நம்புங்கள் என்பதே. நன்னூலார் பகுப்பில் இதனையும் ஏவல் விடையாகத்தான் வைக்க வேண்டியுள்ளது. 1838இல் அவளையே கேளுங்கள் என்றது ஒரு பெண்ணைப் பேச வைத்த ஏவல். இது பேச்சை நிறுத்தும் ஏவல்.

இருபது வினாக்களின் வரிசைக்கு மீண்டு ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலைக் குறிப்பிட வேண்டும். உங்கள் சமயத்தின் அடிப்படைகள் யாவை என்ற வினாவிற்கு, கிறிஸ்து இறந்து, அடக்கமாகி, மூன்றாம் நாள் உயிர்த்து, விண்ணேறியதற்குத் திருத்தூதரும் தீர்க்கதரிசிகளும் கூறிய சான்றே அடிப்படை. ஏனைய யாவும் அதனைச் சார்ந்தவையே என்று ஜோசப் ஸ்மித் கூறினார். 'சார்ந்தவை' என்று நாம் பொதுவாக எழுதியுள்ள இடத்தில் அவர் ஆண்ட சொல், உடம்போடு சேர்ந்த உறுப்பையும் குறிக்கும், நூலின் பின்னால் சேர்க்கும் இணைப்பையும் குறிக்கும். மாணவர் சிலர் அதனை 'இணைப்பு' எனப் பெயர்த்துள்ளனர். அவ்வாறாயின் ஆலயமும் திருமணமும் தேநீரும் கிழித்தெறியத்தக்க பின்தாள்களாகின்றன. 'கிளை' என்று பெயர்த்தால் அவை அடிமரத்தின் சாறு ஓடுபவையாகின்றன. நாம் இரண்டாவதையே கொள்கிறோம். அவ்வாண்டு ஜூலையில் அவர் எதனை எண்ணினார் என்பதற்கு, அடுத்த ஆறாண்டுகளில் அவர் கட்டி எழுப்பிய நாவூ நகரமே சான்று.